தண்டவாளத்தில் நகரும் வீடு... உள்ளே ஒரு கமேலியா!

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் எங்கும் உண்டு. ஒரே ஒரு செடிக்காகக் கண்ணாடி வீடு கட்டி, அந்த வீட்டையே தண்டவாளத்தில் நகர்த்துகிறார்கள் ஜெர்மனியில்!

டிரெஸ்டன் நகரையொட்டி, எல்பே நதிக்கரையில் இருக்கிறது பில்நிட்ஸ் அரண்மனை. அதன் தோட்டத்தில்தான் இந்தக் கமேலியா நிற்கிறது. 1801-ல் இங்கே நடப்பட்டது. இன்று ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கில் சிவப்புப் பூக்கள். நல்ல பருவத்தில் 35 ஆயிரம் வரைகூடப் பூக்குமாம். ஆனால், வாசனை கிடையாது.

நாம் தினமும் குடிக்கும் தேநீரின் தேயிலையும் கமேலியா இனம்தான். இந்தச் சிவப்புக் கமேலியா அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. பூர்வீகம் ஜப்பான் பக்கம். லேசான குளிரைத் தாங்கும். உறைபனி கடுமையானால் மொட்டுகள் கருகிவிடும்.

அதனால் ஆரம்பத்தில் குளிர்காலம்தோறும் வைக்கோலும் பாயும் போர்த்திக் காத்தார்கள். பிறகு, மரத்தாலான கொட்டகை. 1905 ஜனவரியில் அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர். தீயை அணைக்க அடித்த தண்ணீர், செடி மீதே பனிக்கட்டியாக உறைந்தது. 'இனி அவ்வளவுதான்' என்று நினைக்கத் தோன்றும் நிலை. ஆனால், அந்தப் பனிக்கட்டியே கவசமாகிக் கடுங்குளிரைத் தடுத்தது என்கிறார்கள். சில மாதங்களில் புதுத் தளிர்கள் எட்டிப் பார்த்தன!

இப்போதுள்ள கண்ணாடி வீடு 1992-ல் கட்டப்பட்டது. உயரம் 13 மீட்டருக்கும் மேல். எடை 54 டன், அதாவது பத்துப் பன்னிரண்டு யானைகளின் எடை. வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், நிழல் எல்லாமே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில்.

இத்தனை வசதி இருந்தும், உள்ளே 4 முதல் 6 டிகிரிதான் வைக்கிறார்கள். நமக்கு அது ஃபிரிட்ஜ் குளிர்! கதகதப்பு கூடினால் கமேலியா மொட்டுகளை உதிர்த்துவிடும். உறைபனி தொடக் கூடாது, குளிர் விலகவும் கூடாது. அந்த நடுப்பதம்தான் இந்தச் செடியை வளர்ப்பதன் சூட்சுமம். அதனால்தான் மே மாதம் வந்ததும் வீட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, செடியை வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறார்கள். அக்டோபரில் வீடு மறுபடி செடியைத் தேடி வரும்.

பூக்களைப் பார்க்க மார்ச், ஏப்ரல் ஏற்ற காலம். கோடையில் போனால் பச்சைக் குன்றாக நிற்கும் கமேலியாவையும், அருகிலேயே காலியாகக் காத்திருக்கும் அதன் வீட்டையும் சேர்த்தே பார்க்கலாம்.