பாலக்கா மாலையும் நிகர எடையும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகப் போகுது. ஆரணிக்காரனுக்கு இந்த ஊர்ல சோறு பழகிடுச்சு, மழை பழகிடுச்சு, மலையாளமும் ஓரளவுக்குப் பழகிடுச்சு. இன்னும் பழகாத ஒண்ணு இங்க இருக்கிற நகைக்கடைகளோட எண்ணிக்கை :-). பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு அப்படியே கிழக்கேகோட்டை, சாலை பஜார்னு ஒரு நடை போனா, எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கம்தான்.

இந்த ஊர் நகைகளைப் பார்த்தா ஒரு தோட்டத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். பச்சைக்கல் பதிச்ச பாலக்கா மாலை, மாங்கா மாலை, முல்லைமொட்டு மாலை, படமெடுத்த பாம்பு மாதிரி நாகபடத் தாலி. ஒரு காலத்துல தங்கத்தை நிறுத்த எடைக்கல்லே விதைதான். ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடின்னு நம்ம பக்கத்துலயும் கணக்கு உண்டு. அந்தச் சிவப்பு மஞ்சாடி விதையை குருவாயூர் கோயில்ல உருளியில கொட்டி வெச்சிருப்பாங்க, குழந்தைங்க கையை விட்டு அளைஞ்சு விளையாடும்.

சரி, விஷயத்துக்கு வரேன். வர்ற தை மாசம் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நான் செய்யணும். பாலக்கா மாலைன்னு வீட்டம்மா முடிவு பண்ணிட்டாங்க. காலேஜ் படிக்கிற என் பொண்ணு குறுக்க வந்தா. "அப்பா, இந்த இணையக் கடையைப் பாருங்க. இலை டிசைன் டாலர். விக்கிற காசுல ஒரு பகுதி மரம் நட, ஒரு பகுதி ஏழைக் குழந்தைங்க படிப்புக்கு. நகைக்கு நகை, புண்ணியத்துக்குப் புண்ணியம்" என்றாள்.

எனக்கு அந்த 'ஒரு பகுதி' இடிச்சது. இருபது வருஷமா கடன் பத்திரம் படிக்கிறவன் நான். மாசாமாசம் ஒரு பகுதி கட்டுறேன்னு எவனாவது எழுதிக் கொடுத்தா கையெழுத்துப் போடுவேனா?

எங்க கிளையில நகைக்கடன் கேட்டு வர்றவங்க நகையை அப்ரைசர் முதல்ல உரைகல்லுல தேய்ப்பார். அப்புறம் தராசு. அப்புறம்தான் முக்கியமான வேலை, கழிக்கிறது. கல்லு எவ்வளவு, அரக்கு எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு, எல்லாம் போக நிகர எடை எவ்வளவு. கடன் அதுக்கு மட்டும்தான். பார்க்கப் பெரிசா இருக்கிற மாலை நிகர எடையில பாதியா இறங்கும்போது சில முகங்கள் வாடும், நமக்கே சங்கடமா இருக்கும். ஆனா கணக்கு கணக்குதான். இயற்கை பேரைச் சொல்லி விக்கிற நகைகளையும் இதே மாதிரி கழிச்சுப் பார்த்தா என்னன்னு உட்கார்ந்தேன்.

முதல் கழிவு, டிசைன். இலை மாதிரி செஞ்சதால காட்டுக்கு ஒண்ணும் கிடைக்காது. காட்டுல இருந்தே எடுத்துச் செஞ்சதும் உண்டே. புலிப்பல் தாலி சங்கப் பாட்டுலயே இருக்கு. கேரளத்துல புலிநகச் சங்கிலி, ஆனைவால் மோதிரம் எல்லாம் தைரியம் வரும்னு போட்டுக்கிட்டது. 1972ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் புலிநகத்தை வாங்கினாலும் வித்தாலும் குற்றம். பரம்பரையா வந்ததைக் கணக்குக் காட்ட 2003ல ஒரு அவகாசமும் கொடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல கொச்சியில ஒரு இளம் பாடகர் கழுத்துல தொங்கினது சிறுத்தைப் பல்னு வனத்துறை வழக்கே போட்டுச்சு. அப்ரைசர் சேட்டன் சொல்வார், "சாரே, இப்ப வர்றதுல முக்கால்வாசி கொம்புல செஞ்ச டூப்ளிகேட்". டூப்ளிகேட்டா இருந்தா புலிக்கு நல்லது :-)

ரெண்டாவது கழிவு, தங்கமே. நம்ம நாட்டுல வருஷத்துக்கு 700, 800 டன் தங்கம் வாங்குறோம், பெரும்பாலும் இறக்குமதி. பல நாடுகள்ல சின்னச் சின்னச் சுரங்கத்துல பாதரசம் கலந்துதான் தங்கத்தைப் பிரிக்கிறாங்க. மனுஷன் காத்துல விடுற பாதரசத்துல கிட்டத்தட்ட 38 சதவீதம் இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களாலன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட 2018 அறிக்கை சொல்லுது. அது ஆத்துல இறங்கி, மீனுக்குப் போய், மீன் தின்கிறவங்க நரம்புக்குப் போகுது. நம்ம 916 முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் தங்கம் எவ்வளவு சுத்தம்னு சொல்லும். எந்த மண்ணைத் தோண்டி எடுத்ததுன்னு சொல்லாது. புதுத் தங்கத்துல இலை செஞ்சு, அந்தக் காசுல ரெண்டு மரம் நட்டா நிகரம் என்னன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

மூணாவது, அந்த 'ஒரு பகுதி'. அமெரிக்காவுல 2017ல தொடங்கின ஃபோர்ஓஷன்னு ஒரு கம்பெனி. பழைய பாட்டில்ல செஞ்ச மணி கோத்த கைச்சங்கிலி, ஒண்ணு வித்தா கடல்ல இருந்து ஒரு பவுண்டு குப்பை எடுப்போம்னு ஆரம்பிச்சாங்க. (முதல்ல ஒரு பவுன்னு படிச்சுட்டு ஆடிப் போயிட்டேன். பவுண்டுன்னா 454 கிராம்.) அது லாபத்துக்கு நடக்கிற கம்பெனிதான், தர்ம ஸ்தாபனம் இல்லை. ஆனா ஒரு எடை சொன்னாங்க பாருங்க, அது பிடிச்சிருந்தது. எடை சொன்னா நாம தராசு எடுக்கலாம்.

இதுல எனக்கு முழு மார்க் போடத் தோணினது நகையே இல்லாத ஒண்ணுக்கு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல எர்ணாகுளம் மாவட்டத்துல சேந்தமங்கலம்னு ஒரு நெசவு ஊர் முங்கிப் போச்சு. ஓணம் விற்பனைக்கு நெஞ்சு வெச்சிருந்த சேலையெல்லாம் சேறு. எரிக்கிறதைத் தவிர வேற வழியில்லைன்னு இருந்தாங்க. தறிச் சத்தத்துல வளர்ந்தவன் நான், ஒரு சேலைக்குப் பின்னால எத்தனை கை இருக்குன்னு தெரியும். லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில்னு ரெண்டு பேர் அந்தச் சேலைகளைச் சுத்தம் பண்ணி, வெட்டி, விரல் நீளப் பொம்மைகளா முடிஞ்சாங்க. பேரு சேக்குட்டி. சேத்துல பிறந்த குட்டி. சேத்துக் கறையைத் தழும்பு மாதிரி அப்படியே விட்டுட்டாங்க. பொம்மை 25 ரூபாய். ஒரு சேலைக்கு 360 பொம்மை, ஆக 9,000 ரூபாய். நல்ல நாள்ல அந்தச் சேலை 1,500க்கு மேல போகாது. பொம்மை கட்டினது தன்னார்வலர்கள், காசு நெசவாளிகளுக்கு. கூட வேலை பார்க்கிற பரவூர்க்காரர் ஒண்ணு கொடுத்தார், என் பொண்ணு பையில இப்பவும் தொங்குது. எதுவும் புதுசா தோண்டலை, எதையும் கொல்லலை, குப்பைக்குப் போறது குறைஞ்சது, வர்ற காசுக்குக் கணக்கு இருக்கு. கழிக்கிறதுக்கு என்ன இருக்கு?

பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பாலக்கா மாலையும் புதுத் தங்கம்தானே?"ன்னு திருப்பிக் கேட்டா. வாயடைச்சுப் போச்சு, நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சு வீட்டுல இருந்த பழசையெல்லாம் எடுத்தோம். அறுந்த செயின், ஜோடி தொலைஞ்ச தோடு, அம்மா கைல இருந்த ஒத்தை வளையல். சாலையில ஒரு தட்டான்கிட்ட கொடுத்து உருக்கி பாலக்கா மாலையா செய்யச் சொல்லியாச்சு. மரம் நடறதுக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருக்கோம். அதை நேரா கொடுத்து ரசீது வாங்கப் போறோம். நகை வேற, தர்மம் வேற.

ஒரே பயம் ஊர்ப்பேச்சு. மாமன் பழைய நகையை உருக்கிப் போட்டான்னு ஆரணியில நாலு பேர் சொல்லுவாங்க. சபையில தலைகுனியப் போறது நான் மட்டும் இல்லை, தங்கச்சியும்தான். மறைக்க மனசு வரலை, போன் பண்ணிச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா வளையலும் அதுல சேருதாண்ணா?"ன்னு கேட்டா.

சேருதுன்னு சொன்னேன். "அப்ப அது போதும்ணா"ன்னா.

தட்டான் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார். நிகர எடையை நானே நின்னு பார்த்து வாங்கணும், தொழில் புத்தி போகாது இல்லையா :-)