கொழுந்துப் பெட்டியில் நாங்க

பதுளை, பசறைப் பக்கத் தோட்டங்கள்ல ட்ரெக்டர் பெட்டி கொழுந்து ஏத்தத்தான். ஆனா தூரத்து மலைக்கு வேலைக்கும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் நாங்களும் அதுலதான் ஏறுறோம்.

பெட்டிக்குத் தனி பிரேக் இல்லன்னா, இறக்கத்துல மொத்தப் பாரமும் ட்ரெக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் மடங்கிப் புரளும். கொக்கி தேஞ்சு, சங்கிலியும் இல்லன்னா பெட்டி கழன்று தனியா ஓடும்.

பிரித்தானியாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். அதில் போவது வெறும் உல்லாசப் படகாக இருந்தாலும்தான். படகுக்குக் கிடைக்கிற பிரேக் எங்க அம்மாமாருக்கு வேணாமா?

ஒருத்தர் தனியா ஏற மறுத்தா அன்றைய பேர் போயிரும். அதனால கொக்கி, ஆணி, சங்கிலி, டயர், பிரேக் எல்லாத்தையும் சேர்ந்தே பார்ப்போம், சேர்ந்தே மறுப்போம். ஆள் ஏத்த பஸ் கேட்போம்.