கீரி கடித்த கோழி



கோவை கரும்புக்கடையின் நெருக்கமான தெருவில் வாழ்ந்து பழகிய நாங்கள், சென்ற ஆண்டு ஆனைகட்டி சாலையில் மாங்கரைக்கு அருகே, மலையடிவாரத் தோட்டத்து வீடொன்றில் குடியேறினோம். பிள்ளைகளின் வற்புறுத்தலால் எட்டுச் சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் வாங்கினோம். பல்லடம் பக்கத்துப் பிராய்லர்களைப் போல் இவற்றை அடைத்து வைத்துத் தீவனம் போட வேண்டியதில்லை, காலையில் திறந்துவிட்டால் கரையானும் புழுவும் தேடிப் புதர்களுக்குள் சென்று மாலையில் தாமே திரும்பும் என்றார்கள். அவ்வாறே திரும்பின. பறவைகள் வெறும் வயிற்றுடன் புறப்பட்டு நிறைந்த வயிற்றுடன் திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறிய ஹதீஸை (திர்மிதி) ஆண்டுதோறும் பாடம் நடத்தும் எங்களுக்கு, அதனைக் கண்ணால் காண்பது பெருமகிழ்ச்சியாக இருந்தது.

முதல் மாதத்திலேயே மூன்று கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் இறந்தன. தடுப்பூசி போட்டவையா என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன ஹதீஸையும் நாங்களேதான் நடத்துகிறோம்! நோய் தணிந்தபின் எஞ்சியவற்றைக் கூடையில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்று ஊசி போட்டு வந்தோம்.

ஸுப்ஹு வேளையில் எங்கள் சேவல் கூவினால், காட்டுக்குள்ளிருந்து காட்டுக்கோழி மறுமொழி கூறும். அதனைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். ஒரு கோழி அடைகாத்து, 21ஆம் நாளில் ஏழு குஞ்சுகள் பொரித்தது. அதனை இளைய மகள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

யானை வரும் என்று எச்சரித்திருந்தார்கள். வந்தது கீரி.

அன்று நாங்கள் மத்ரஸாவில் இருந்தோம். வீட்டார் தொலைபேசியில் அழைத்தார். “கழுத்தைக் கிழிச்சிருச்சுங்க. உசுரு இருக்குது, காலை உதைக்குது. என்ன பண்ணட்டுங்க?”

விலங்கு கடித்தது ஹராம், உயிருள்ளபோதே அடைந்து அறுத்தாலொழிய என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் தரும் சட்டம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆட்டு மந்தையை ஸல்உ குன்றருகே மேய்த்த பணிப்பெண், சாகக்கிடந்த ஆடொன்றைக் கூரிய கல்லால் அறுத்ததையும், அதனை உண்ண நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததையும் (புகாரீ) எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். பெண் அறுக்கலாம் என்பதற்கு அதுவே ஆதாரம். இவையனைத்தையும் நாங்கள் வரிசையாக விளக்கத் தொடங்கினோம்.

“அறுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“அறுக்கலாம்” என்றோம். அதுவரை மீன் தவிர எதையும் அறுத்தறியாதவர் அவர். தொலைபேசியைத் துண்டிக்காமல் கீழே வைத்திருக்கிறார். “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்பது தெளிவாகக் கேட்டது. அதன்பின் மகளின் அழுகை.

மாலையில் வீடு திரும்பியதும் மகள் கேட்டாள்: “அத்தா, உசுரு இருந்துச்சுன்னா ஏன் மருந்து போடல?”

பிழைக்கும் காயமன்று அது, மேலும் துன்புறாமல் இருக்கவே அறுத்தார்கள் என்றோம். இருபது ஆண்டுகளாக ஹலாலா ஹராமா என்று கேட்பவர்களுக்கே விடை கூறிப் பழகிவிட்டோம். மருந்தைப் பற்றி நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கறியை அவள் தொடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஏழு குஞ்சுகளில் இரண்டை வைரி முன்பே தூக்கியிருந்தது. மற்ற ஐந்தையும் அட்டைப்பெட்டியில் இட்டு, விளக்கைத் தொங்கவிட்டு, தன் பாயருகே வைத்துக்கொண்டு உறங்கினாள். இரவில் இருமுறை எழுந்து எண்ணிப் பார்த்தாளாம்.