மின்கிட்டாரும் மரவேலைதான்

மின்கிட்டாரில் மின்சாரத்தின் பங்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. மூன்று பிக்கப், ஒரு வால்யூம், இரண்டு டோன், ஐந்து நிலை ஸ்விட்ச், கேபிள் செருகும் ஜாக். கையில் சால்டரிங் அயர்னும் கொஞ்சம் ஈயமும் இருந்தால், வரைபடத்தைப் பார்த்து இணைத்துவிடலாம். பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஆளைப் பிடித்து நிறுத்துவது மரம். பாகங்களாக வந்த ஒரு கிட்டைக் கொடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டில் வைத்து என் முதல் மின்கிட்டாராகச் சேர்த்து முடித்தபோது எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இது தச்சுவேலை. அதிலும் இந்த மலையின் காற்று சம்மதித்தால் மட்டும் நடக்கிற தச்சுவேலை.

கிட் என்பதைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எல்லாம் வெட்டித் துளைத்து வந்துவிடுகிறதே, பிறகு நீ என்ன செய்தாய் என்பார்கள். வருவது பூச்சில்லாத வெறும் மரம். பிக்கப்புக்கான குழிகள் வெட்டிய உடல், நான்கு திருகாணிகளால் பூட்டவேண்டிய மேப்பிள் கழுத்து, ஒரு பொட்டலம் உலோகம். அதை வாசிக்கத்தக்க வாத்தியமாக்குவது வேறு வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு, மின்கிட்டாரே பிறவியில் பாகங்களாகப் பிறந்த வாத்தியம்தான். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி மாற்றுவது எப்படி என்று தெரியும். 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரிலும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் கழுத்தை ஒட்டாமல் திருகாணியால் பூட்டியது அந்தப் புத்திதான். இன்று வரும் கிட்டுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டின் வாரிசுகள்.

ஃபெண்டர் பூசிய வண்ணங்களில் பலவும் கார் வண்ணங்களே. டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ, லூசைட் டப்பாக்களிலிருந்து எடுத்தவை. புகழ்பெற்ற அந்த ஃபியஸ்டா சிவப்பு 1956-ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு காருடையது. டூக்கோ என்ற பெயர் நம் ஊர்ப் பட்டறைகளிலும் இன்னும் புழங்குகிறது. ஜீப்புக்கும் வேனுக்கும் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவரிடம் கிட்டாரின் உடலைக் கொண்டுபோய்க் காட்டினால் அவருக்கு எதையும் விளக்கவேண்டியதில்லை. பட்டி, பிரைமர், கலர், லாக்கர், கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட்: கதவுத் தகட்டுக்குச் செய்கிற அதே வரிசை.

ஆனால் ஃபுல்லர்ட்டனின் காற்று காய்ந்த காற்று. கொடைக்கானலோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகலில் வில்பட்டிப் பக்கப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து வீட்டுக்குள்ளேயே நுழையும். வாசலில் நின்ற பக்கத்து ஆசாரி அண்ணன், நான் உப்புத்தாள் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது நிறத்தைப் பற்றியல்ல.

"தம்பி, லாக்கரை எப்ப அடிக்கப் போறீங்க?"

"மரம் ரெடியானதும் அடிச்சிரலாம்ணே."

"மரம் ரெடியானா போதுமா? வானம் ரெடியாக வேணாமா? மூட்டம் இறங்குறப்ப அடிச்சீங்கன்னா வெள்ளை பூத்துரும். மாசி வரட்டும். பத்து மணிக்கு மேல வெயில்ல பலகைய நல்லா காய வச்சிட்டு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்க."

அவர் சொன்னதன் பின்னே நல்ல அறிவியல் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலந்திருக்கும் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பூசிய பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படியும். லாக்கர் அந்தத் துளிகளை மூடிக்கொண்டு இறுகினால் பால் சிந்தியது மாதிரி மங்கல். மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்து இதை ஓரளவு தள்ளிப்போடலாம், முழுக்கத் தடுக்கமுடியாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இங்கே லாக்கர் டப்பாவைத் திறப்பதே வீண். மார்கழி, தையில் வானம் வெளுத்தாலும் குளிர் விடாது. பலகை சூடேறுவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். ஆகவே மாசி, பங்குனி. சித்திரையில் கோடைமழை தொடங்கிவிட்டால் கதவு மறுபடி அடைபடும்.

இடையிலான காலத்தை மரத்துக்குக் கொடுத்தேன். 120, 220, 320 என்று உப்புத்தாளின் எண் ஏற ஏறக் கை மெல்ல மெல்ல இலேசாகவேண்டும். எப்போதும் இழையின் போக்கிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே விழுந்த ஒரு கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. நிறம் ஏறியதும் முதலில் தெரிவது அதுதான். நிறத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது குறிஞ்சியின் ஊதாநீலம். 2018-இல் இந்தச் சரிவுகளில் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும். அதுவரை கையில் ஒரு துண்டு இருக்கட்டும் என்று தோன்றியது. மெல்லிய பூச்சாகப் பலமுறை அடித்து, மேலே லாக்கர் ஏற்றி, வாரக்கணக்கில் தொடாமல் தொங்கவிட்டேன். லாக்கர் காயக்காய மரத்துக்குள் இறங்கும். அவசரப்பட்டு மெருகேற்றினால் சில வாரங்களில் இழைகள் மேலே தெரியத் தொடங்கும். காய்ந்தபின் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க, நிறம் உள்ளிருந்து எழுந்து வருகிறது. பூசுவதைவிடத் தேய்ப்பதில்தான் வண்ணம் பிறக்கிறது என்று இப்போது நிச்சயமாகச் சொல்வேன்.

ஆனாலும் வண்ணம் கண்ணுக்கு. கைக்கும் காதுக்கும் உரியவை கழுத்தும் அதிலுள்ள மெட்டுகளும். வீணை செய்கிறவர்கள் 24 மெட்டுகளையும் கறுப்பு மெழுகில் பதிக்கிறார்கள்; மேளம் கட்டுவது என்பார்கள். காதால் கேட்டு, மெட்டை அணுவளவு நகர்த்தி, சுருதி சேர்ந்த இடத்தில் நிறுத்துவார்கள். கிட்டாரில் அந்த இடங்களைக் கணக்கு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. 648 மில்லிமீட்டர் தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் 36.4, முதல் மெட்டு அங்கே. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு நேர்பாதியில், 324-இல் விழும். இடம் சரியாக இருந்தாலும் உயரம் சரியாக இருக்காது. கிட்டில் வரும் மெட்டுகளில் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். நேர்கோலை வைத்துப் பார்த்து, மெட்டுகளின் தலையில் மை தடவி, தட்டையான அரத்தால் மேடுகளை மட்டும் எடுத்து, பிறகு ஒவ்வொன்றின் தலையையும் மறுபடி உருட்டவேண்டும். ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளையும் விரல் உரசாதபடி மழுக்கவேண்டும். இதில் செலவிட்ட நேரமே இந்தக் கிட்டாரை என்னுடையதாக்கியது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகையும் பருவத்துக்கேற்பச் சற்று திருப்பவேண்டியிருக்கிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கினால் காற்று மாறும், மரமும் அசையும்.

பிக்கப் பற்றி இரண்டு வரி போதும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டதுதான். தந்தி எப்படி அதிர்கிறது என்பதில் மறுபடியும் கழுத்தும் மெட்டும் மரமும் வந்து நிற்கின்றன.

கிட்டார்களுக்கு மரம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று தேடினால் நம் மலைகளுக்கே வந்து சேர்கிறோம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபின், 1969-க்குப் பிறகு அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, நாம் தோதகத்தி என்றும் சொல்கிற மரம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் விரிந்தபோது, விலை குறைந்த கிட்டார்களின் விரல்பலகைக்கு இந்தியன் லாரல் வந்தது. அது நம் கருமருது. முடிந்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. இவ்வளவு நல்ல மரங்களைத் தந்த மலையில், அந்த மரத்தைத் தொட்டு வாத்தியம் செய்யத் தெரிந்த கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பது எனக்கு வருத்தம்.

ஈட்டியைத் தொடவேண்டாம், அது வளரட்டும். இங்கே அந்நியமாக வந்து சோலைகளையும் புல்வெளிகளையும் நெருக்கும் மரம் ஒன்று இருக்கிறது. வாட்டிலின் உறவான ஆஸ்திரேலிய பிளாக்வுட். அதன் சொந்த நாட்டில், மெல்போர்னில் 1946-இல் தொடங்கிய மேட்டன் நிறுவனம் இதே மரத்திலும் பெயர்பெற்ற கிட்டார்களைச் செய்கிறது. ஹவாய்த் தீவின் உக்குலேலேக்குப் புகழ் தந்த கோவா மரத்துக்கும் இது நெருங்கிய சொந்தம். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது இந்த மலையில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருங்காற்றிலும் சாய்கின்றன. சாய்ந்த மரம் விறகாகத்தான் போகவேண்டும் என்பதில்லை; கைக்குக் கிடைத்த மரமும் நல்ல வாத்தியமாகும். லண்டனில் பள்ளி மாணவனாக இருந்த பிரையன் மே, 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து தொடங்கிய கிட்டாருக்குக் கழுத்தை எடுத்தது ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து. குயின் குழுவின் பாடல்களில் உலகம் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான்.

மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதியோடு ஒரு பிளாக்வுட் விழும்போது, விறகுக்குப் பிளப்பதற்கு முன் அடிமரத்திலிருந்து ஒரு பலகையை அறுத்து வாங்கிவையுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. மின்கிட்டாரின் உடலுக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் வேண்டும். அது காய்வதற்குள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கிட் வாங்கிக் கொடுத்து, அரமும் உப்புத்தாளும் பழக்கிவிடுங்கள்.