எழுந்து நின்றால்தான் எண்ணிக்கை

வகுப்பில் ஒரு நாள், நூலக நேரத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "ஆம்" என்ற ஒலி ஓங்கியது, மாற்றிவிட்டேன். அமைதியான மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எண்ணிப் பார்க்கவில்லையே?" என்றாள். எண்ணினேன். வேண்டாம் என்றவர்களே மிகுதி! நாணிப் போனேன்.

நம் நாடாளுமன்ற மக்களவையிலும் முதலில் குரல் வாக்கெடுப்புதான். ஒரு சட்ட மசோதா மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படும். பிறகு குழுநிலையில் பிரிவு பிரிவாக ஆராயப்படும். வாக்கெடுப்பின்போது எக்குரல் ஓங்கியது என்பதைச் சபாநாயகர் அறிவிப்பார். தலைகளை எண்ண வேண்டுமாயின், குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

2020 நவம்பர் 26-இல், 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்கெடுப்புக்கு வந்தது. 222 இடங்கள் கொண்ட அவையில் எண்ணிக்கை கோரி எழுந்தோர் 13 பேரே! இருவர் குறைந்தமையால் குரலோடு முடிந்தது. யார் எப்பக்கம் என்ற பதிவே இல்லாமற் போயிற்று. டிசம்பர் 15-இல் மூன்றாம் வாசிப்பில் எண்ணியபோது, ஆதரவு 111, எதிர்ப்பு 108. மூன்றே வாக்குகள் வேறுபாடு!

விதி உரிமையைத் தருகிறது. ஆனால், எழுந்து கேட்பவர்க்கே தருகிறது. அவையில் அதற்குப் பதினைவர் வேண்டும். என் வகுப்பில் ஒருத்தியே போதுமானவளாக இருந்தாள். அன்று முதல் நான் கைகளை எண்ணிய பின்னரே முடிவு சொல்கிறேன்.