வேகம் எங்கே குறைகிறது?

திங்கள்

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். மகளின் ஆன்லைன் வகுப்பு இன்று மாலையும் விட்டுவிட்டுத்தான் வந்தது. பெரிய கோப்புகளும் இறங்க மறுக்கின்றன. தேர்வு நெருங்கும் நேரம். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் புகார் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எந்த இடத்தில் குறைகிறது என்று பகுதி பகுதியாக அளந்துவிடலாம்.

செவ்வாய்

மற்ற கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு இணைத்தேன். காலையிலும் மதியமும் இரவிலும் வேகம் அதே 94 எம்பிபிஎஸ். தெருவில் நெரிசல் என்றால் இரவில் குறைந்து விடியற்காலையில் ஏறியிருக்கும். அசையாத எண், எங்கோ ஓர் உச்சவரம்பு இருப்பதைக் காட்டுகிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பில் தரவுப் பொட்டலங்களின் முகவரி முதலிய சுமை போக மிஞ்சுவது ஏறக்குறைய 94தான்.

புதன்

வாசலருகே உள்ள ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேரடியாகச் செருகினேன். 190-ஐத் தாண்டியது. அப்படியானால் தெரு வரைக்கும் பழுதில்லை. பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே ஓடும் கேபிள், கதவிடுக்கில் நசுங்கியிருந்தது.

வியாழன்

இணைய நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்த்தார்: மைனஸ் 20 டிபிஎம். பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் இது நல்ல அளவு.

கேபிளைக் காட்டியதும் அவரே விளக்கினார்: "நாலு ஒயர் இருந்தாலே லைட் எரியும் சார், 100 வந்துடும். எட்டும் புடிச்சாத்தான் கிகாபிட்."

கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் மற்ற நான்கில் ஒன்று அறுந்தால், பெரும்பாலும் இரு கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. கேட் 5இ கேபிள் ஒன்று மாட்டினார். ரூட்டரிலும் வேகம் முழுதாக வந்தது.

வெள்ளி

கோப்புகள் விரைவாக இறங்குகின்றன. வகுப்பு இன்னும் திக்குகிறது. அதற்குச் சில எம்பிபிஎஸ் போதும், 94கூடத் தாராளம். ஆகவே இது வேறு பழுது.

ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மகளின் அறையில் லேப்டாப் பிடித்திருந்ததோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன. ரூட்டரைத் திறந்த அலமாரிக்கு மாற்றி, அவள் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தேன். அது சுவர் தாண்டினால் வலு குறையும். ஆனால் நடுவே ஒரு சுவர்தான்.

சனி

திக்கலுக்கு வேறு காரணமும் உண்டா என்று தேடியபோது, மாலை வேளையில் எங்கள் போன்கள் படங்களைத் தானாக மேலேற்றுவது தெரிந்தது. பதிவேற்றப் பாதை நிரம்பும்போது வகுப்பின் குரல் வரிசையில் காத்துக் கிடக்கிறது. அந்த வேலையை நள்ளிரவுக்கு மாற்றினேன். வகுப்பு தடையில்லாமல் நடந்தது.

இந்தியாவில் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 2023-இல்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்ந்தது. அந்த வரையறை நம் வீட்டு 200-ஐக் காப்பாற்றாது. எந்த நேரம், கேபிளா வைஃபையா, பெட்டியிலா ரூட்டரிலா என்று குறித்து வைத்த அளவுகளே காப்பாற்றும். பாடமும் மருத்துவ ஆலோசனையும் இந்தக் கம்பி வழியே வரும் காலத்தில், இப்படி அளக்கத் தெரிந்த ஒருவராவது வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும்.