கோழிக்கு ஒரு டப்பாப் புழு

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் பார்த்துக் களித்துத் திரும்பிவிடுகிறார்கள். சேர்வராயன் மலையிலேயே குடியிருக்கும் நமக்கு வேறு கவலைகள் உண்டு. அவற்றில் ஒன்று கோழித் தீனி. சேலத்திலிருந்து வரும் தீனி மூட்டையும் அந்த 20 வளைவுகளையும் சுற்றித்தானே மேலே வரவேண்டும்? மூட்டையோடு அதன் விலையும் மலையேறிவிடுகிறது.

நம் வீட்டில் முட்டைக் காசு தாயாருடையது. வேறு எவரிடமும் கை நீட்டாமல் அவர் செலவு செய்யும் பணம் அது ஒன்றுதான். சென்ற சில வருஷங்களாக அந்தக் காசைத் தீனி மூட்டையே விழுங்கத் தொடங்கிற்று. தவிடும் நொய்யும் மட்டும் போட்டால் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். இளங் குஞ்சின் தீனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருக்கவேண்டும். தவிட்டிலும் நொய்யிலும் அவ்வளவு கிடையாது.

இதற்கு நம் பாட்டிமார் ஒரு வழி கண்டிருந்தார்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கையும் உலர்ந்த சாணத்தையும் அடைத்து, நீர் தெளித்து, மாலையில் கறையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானை நிறையக் கறையான்! குஞ்சுகளுக்கு அது விருந்து. 2021-ல் ஐரோப்பிய யூனியன் கோழிக்குப் பூச்சிப் புரதம் கொடுக்கலாமென்று அனுமதி வழங்கிற்று. நம் பாட்டிமாரோ எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

ஆனால் மரத் தூணும் புத்தகப் பெட்டியும் உள்ள வீட்டில் கறையானுக்கு அழைப்பு அனுப்ப நமக்குத் தைரியம் வரவில்லை. எனவே மாவுப் புழுவை வளர்க்கத் துணிந்தோம்.

"அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் உலர்த்திப் புடைத்து விரட்டுகிறோம். நீ தவிடு வாங்கிப் போட்டு வளர்க்கிறாயா, அப்பா?" என்றார் தாயார்.

நியாயமான கேள்விதான். தானியத்தைக் கெடுக்கும் வண்டின் குழந்தையே இந்தப் புழு. ஆகையால் டப்பாவைச் சமையலறைக்குள் விடாமல், வெந்நீர் அடுப்பின் சுவருக்கு மறுபுறம் வைத்தோம். வழுவழுப்பான சுவருள்ள டப்பாவிலிருந்து புழு ஏறி வர முடியாது.

வளர்ப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு அங்குல உயரம் கோதுமைத் தவிடு. அதன்மேல் காரட் துண்டு. தண்ணீர் வைத்தால் தவிடு பூசணம் பிடிக்கும். காரட்டின் ஈரமே போதும். வண்டு நூற்றுக் கணக்கில் முட்டையிடும். முட்டை பொரிந்த புழு சில மாதம் தின்று, ஓர் அங்குலம் வளர்ந்து, கூட்டுப் புழுவாகி, மறுபடி வண்டாகும். 25 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்கு உகந்தது. மார்கழி மூடுபனியில் புழுவும் நம்மைப் போலவே சோம்பிவிடுகிறது. அடுப்புச் சுவரின் அருமை அப்போதுதான் தெரிகிறது.

புழு மட்டுமே தீனியாகிவிடாது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளும் வேண்டும். தீனி மூட்டை இன்னும் மலையேறி வருகிறது. முன்போல் அடிக்கடி வருவதில்லை.

தாயார் இன்றும் அந்த டப்பாவைத் தொடுவதில்லை. ஆனால் காரட் நறுக்கும்போது நுனித் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து வைக்கிறார். சென்ற மாதம் முட்டைக் காசில் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டார். விலையை நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.